மனுதாரர் தலைவாரி வந்திருந்தார்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகந்தானே? இருமல் நின்றதா, இல்லை டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து இன்னும் பஸ் புகையைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாயா? போனில் கேட்டால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால்தான் கடுதாசி.

ஒரு சேதி. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என் வேலை போன மாதத்தோடு முடிந்தது. முடக்குவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் சூப்பர்வைசர் அம்மா என்னை அனுப்ப மனசில்லாமல், ஈரப் போர்வையைத் தூக்க வேண்டாம், மடிக்கிற மேசையில் நில் என்றார். அதுவும் சரிப்படவில்லை. கிளம்பும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல ஃபிளாஸ்க். மூடியை மட்டும் என் மாமியார் திறந்து தரவேண்டியிருக்கிறது.

இயலாமை உதவித்தொகைக்கு மனு போட்டேன். போன வாரம் மத்தியானம் மூன்று மணிக்குப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். மதிப்பீட்டு அதிகாரி சின்ன வயசுக்காரர். "உக்காருங்கம்மா, பஸ்லயா வந்தீங்க?" என்று மரியாதையாக விசாரித்தார். காகிதம் கேட்டார், பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துக் கேட்டார், போட்டேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தார். நல்ல பிள்ளை. கிடைத்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

உன் அத்தான் லாரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வர நாளாகும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. புகை நிற்கவில்லை. உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். வாங்கிக்கொள்ளமாட்டார், இருந்தாலும் சொல்.

நீ ஒருத்தரை நல்ல பிள்ளை என்று சொன்னாலே நான் என் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு போன தரகரையும் நீ அப்படித்தான் சொன்னாய். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். முகத்தைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே மரியாதையாகப் பேசுகிறவன் மனசுக்குள் எப்போதோ கதவைச் சாத்தியிருப்பான். நானே அப்படித்தான் செய்கிறேன்.

அது கிடக்கட்டும். வேலை போனது, ஃபிளாஸ்க் வந்தது, அதிகாரி சிரித்தார், எல்லாம் எழுதினாய். கை எப்படி இருக்கிறது? அதை மட்டும் காணோமே. உடனே பதில் போடு.

உன் வாலு


மார்ச் 24

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீங்கள் நலந்தானே? பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை எழுதிய அறிக்கையின் நகலும் கூடவே வந்தது. அப்படியே தருகிறேன்:

"மனுதாரர் தலைவாரி, தூய்மையான உடையில், உரிய நேரத்தில் வந்திருந்தார். உதவியின்றி இருக்கையில் அமர்ந்தார். கைப்பையைத் தாமே திறந்து ஆவணங்களை எடுத்தார். பேனாவைப் பிடித்துக் கையொப்பமிட்டார். கேள்விகளுக்குப் புன்னகையுடன் பதிலளித்தார். தம் அன்றாடத் தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளவும், இலகுவான பணிகளில் ஈடுபடவும் தகுதியுடையவர்."

புன்னகையைக்கூட விடாமல் குறித்திருக்கிறார். சிரித்துப் பேசுகிறாரே, நாமும் சிரிப்போம் என்று சிரித்தேன்.

போகட்டும், விடு. நம்மைவிட முடியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்.

உன் அக்கா


மார்ச் 29

அக்கா,

சுகமா என்று கேட்டுவிட்டு நீ நலம் என்று எழுதுவதைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

சிரித்தால் வாதம் போய்விடுமா? அப்படியானால் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குப் பதில் ஜோக்கு சொல்லலாமே! உரிய நேரத்தில் வந்தாளாம். நேரத்துக்கு வராவிட்டால் ஆஜராகவில்லை என்று மனுவைத் தள்ளுவார்கள், வந்தால் வரமுடிகிறதே என்று தள்ளுவார்கள். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்துக் கவுண்டர்க்காரி, "என்னடி, யாரையாவது அடிச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

விடுவதெல்லாம் கிடையாது. மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது. விசாரித்துவிட்டேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். காலையில் எழுந்ததிலிருந்து உன்னால் என்னவெல்லாம் முடியவில்லை, ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. மனுவை நான் தயார் செய்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். என் கடிதத்துக்கு ஆற அமரப் பதில் போடுகிறாயே, வேலையும் இல்லாமல் வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு அப்படி என்ன அவசரவேலை? கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி வந்து சேருகிறது. சீக்கிரம் எழுது.

வாலு


மே 2

அன்புள்ள வாலுக்கு,

நீ கேட்டாய், எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அழாதே. யாரிடமும் சொல்லாதே. உன் அத்தானிடமே நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

காலையில் கண் திறக்கும்போது என் கை என்னுடையதாக இருப்பதில்லை. விரல் மடங்கினபடி அப்படியே கெட்டிப்பட்டுக் கிடக்கும். நீட்டினால் மூட்டுக்குள் கண்ணாடித் தூளைப் போட்டு அரைப்பதுபோல் இருக்கும். போர்வையை விலக்க முடியாது. "அத்தை" என்று குரல் கொடுப்பேன். அவர் வந்து என்னை உட்காரவைத்து, கைகளை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பார். பல் தேய்த்துவிடுவார். முகம் துடைத்து, சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலைவாரிப் பின்னிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் வைத்த காபியை வாயில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஊற்றினாரே, அதே மாமியார்தான். இப்போது டம்ளரை என் வாய்க்குப் பிடிக்கிறார். "சூடு போதுமா? இல்ல, உங்கம்மா வீட்டுச் சூடு வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே பிடிப்பார். வாய் மட்டும் மாறவில்லை.

குளியலறையில் நடப்பதை எழுதமாட்டேன். நீயே புரிந்துகொள். முதல் நாள் நான் அழுதேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எம் புள்ளைக்குச் செஞ்சேன், உனக்குச் செய்யமாட்டேனா, காலைத் தூக்கு" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மாத்திரை பிடித்துக் கை கொஞ்சம் இளகும். ஒரு பை திறக்கலாம், ஒரு கையெழுத்துப் போடலாம். மறுபடி சாயங்காலம் இறுகிக்கொள்ளும். அந்தப் பிள்ளை பார்த்தது மூன்று மணிக் கையை. காலைக் கையை அவர் கேட்கவில்லை. அன்றைக்கு நல்ல சட்டை போட்டு, நன்றாகப் பின்னி அனுப்பினார் அத்தை. அரசாங்க ஆபீசுக்குப் போகிறோமே என்று.

மழைக்காலம் வருவதற்குள் உன் வீட்டு ஒழுகலைச் சரிபார்க்கச் சொல்.

உன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன். அழாதே என்றாய், அது என்னால் ஆகவில்லை. நான் என்னதான் மனு எழுதினாலும் நீ எழுதின மாதிரி வராது என்று தோன்றியது. மனிதர்கள்தானே, படித்தால் புரிந்துகொள்ளமாட்டார்களா என்று உன் கடிதத்தை அப்படியே நகலெடுத்து மறுபரிசீலனை மனுவோடு இணைத்து அனுப்பினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய்.

நேற்று பதில் வந்தது:

"மனுதாரர் தம் கைப்பட எழுதியதாக இணைக்கப்பட்டுள்ள கடிதம் பல பக்கங்கள் கொண்டது, தெளிவான, சீரான கையெழுத்தில் உள்ளது. இது விரல்களின் நுண்ணிய இயக்கம் பாதிக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாக அமைகிறது. முந்தைய முடிவு உறுதிசெய்யப்படுகிறது."

அக்கா, நீ என்ன எழுதினாய் என்று அவர்கள் படிக்கவே இல்லை. எழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி வலிக்கிறது என்று கத்தினால், குரல் நன்றாக இருக்கிறது, தொண்டையில் ஒன்றுமில்லை என்று எழுதுகிற ஜென்மங்கள். போன் போட்டேன். பொத்தானை அழுத்து, அழுத்து என்று ஒரு குரல் என்னை இழுத்தடித்தது. கடைசியில் ஒரு அம்மா எடுத்து, "எங்க கையில ஒண்ணும் இல்லீங்க, ஃபைல்ல இருக்கறதத்தான் நாங்க பார்ப்போம்" என்றாள். "என் அக்கா கையிலயும் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். வைத்துவிட்டாள்.

மேல்முறையீட்டுக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே போவோம். என்னைத் திட்டியாவது பதில் எழுது.

வாலு


ஆகஸ்ட் 9

வாலுக்கு,

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தேன். குளியலறையைப் பற்றிய வரிகளை முகம் தெரியாத ஆட்கள் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டு எழுத்தின் அழகைப் பார்த்திருக்கிறார்கள். அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சும்மா இருக்கிறவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பேனாவில் துணி சுற்றி, மத்தியானத்தில் கை இளகும் நேரம் பார்த்து, ஒரு நாளைக்கு இரண்டு வரியோ மூன்று வரியோ எழுதுவேன். கோணலாக வந்தால் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். முடியாத நாள்களில் அப்படியே மூடிவைத்துவிடுவேன். மேலே இருப்பது எழுதி முடித்த நாளின் தேதி. இந்தக் கடிதத்தைத் தொடங்கியது ஜூலையில்.

அழகாக எழுதினது உனக்காக. அவர்களுக்காக இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டரிலேயே பிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை. அந்த 'சும்மா' என்ற சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. உன்னைக் கேட்காமல் அனுப்பியிருக்கவும் கூடாது. இதைவிட அழகாகச் சொல்ல எனக்கு வராது.

மேல்முறையீடு பதிவாகிவிட்டது. சண்டை போட்டு விசாரணையைக் காலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு முன்னால் ஆபீஸ் திறக்காதாம். நோய் ஆபீஸ் நேரம் பார்த்து வரவேண்டும்போல. பதினொரு மணிக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். அன்றைக்குக் குளிக்காதே. தலைவாராதே. பொத்தான் போடாதே, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போ. மாத்திரையையும் போடாதே. உன்னால் தனியாக எப்படி முடியுமோ அப்படியே போய் நில். அவர்களுக்குக் கண்ணால் பார்ப்பதுதானே நம்பிக்கை? பார்க்கட்டும். இது பொய் இல்லை அக்கா. உண்மையிலேயே நீ அப்படித்தான்.

உன் வாலு


செப்டம்பர் 27

அன்புள்ள வாலுக்கு,

எல்லாரும் நலம். உன் அத்தான் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். உன் மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எழுதுவது வேறு கோபம்.

நான் அப்படிப் போகமாட்டேன்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். யார் யாருடைய ரத்தமும் சீழும் பட்ட துணியையோ வெளுத்து, மடித்து, கறை தெரியாமல் வார்டுக்கு அனுப்பினவள். சாகக் கிடக்கிறவர்கள்கூடச் சுத்தமான விரிப்பில் கிடக்கட்டும் என்று கை வெந்துபோக நின்றவள். அந்தக் கைதான் இப்போது போய்விட்டது. அதற்கு நான் கேட்கிற உதவிக்காக அழுக்காகப் போய் நிற்கவேண்டுமா? வாய் கொப்பளிக்காமல், சட்டை திறந்தபடி மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு நோய் இருப்பதை அரசாங்கம் நம்புமா? நோயாளி என்றால் நாறவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நீ சொன்னது உண்மைதான், தனியாக விட்டால் நான் அப்படித்தான் இருப்பேன். ஆனால் என்னைத் தனியாக விடாமல் ஒருத்தர் இருக்கிறார். தினமும் விடியும் முன் எழுந்து என்னை மனுஷியாக்குகிறார். அதை மறைத்துவிட்டுப் போவதும் பொய்தான்.

சுத்தமாகத்தான் போவேன். கேட்டால் வாயால் சொல்லுவேன். நம்பாவிட்டால் போகட்டும்.

உன் அக்கா


அக்டோபர் 2

அக்கா,

சரி. உன் இஷ்டப்படியே போ. நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன், நீதான் ஜெயித்தாய். எனக்கு அது புதுசு.

கூட வர லீவு கேட்டேன். மேனேஜர், "உங்க அக்காவுக்கு மாமியார் இருக்காங்கல்ல?" என்கிறார். என் குடும்ப விவரம் ஆபீஸ் முழுக்கத் தெரியும், லீவு மட்டும் கிடையாது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போ. அவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள். அங்கே எல்லாரும் பெரிய மனிதர்கள்.

வாலு


டிசம்பர் 18

அன்புள்ள வாலுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கவேண்டும். உன் நான்கு கடிதங்களும் வந்தன. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று போனிலும் கேட்டாய். உத்தரவு வரட்டும், எழுதுகிறேன் என்றேன். உத்தரவு வந்துவிட்டது. உதவித்தொகையை அனுமதித்திருக்கிறார்கள், மனுப் போட்ட நாளிலிருந்து. இரண்டு வருஷம் கழித்து மறுபடி பரிசோதிப்பார்களாம். அதற்குள் புது விரல் முளைத்துவிடும் என்ற நம்பிக்கை போல.

ஜெயித்துவிட்டோம். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா, ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். அத்தையை என் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதினதைவிடக் கூடுதலாகவே, குளியலறையையும் சேர்த்து, வெட்கத்தை விட்டுச் சொன்னேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே ஃபைலைப் புரட்டினார்.

"அறிக்கையில நீங்க தலைவாரி, சுத்தமா வந்திருந்தீங்கன்னு இருக்கு. இன்னிக்கும் நல்லா பின்னித்தானே வந்திருக்கீங்க?" என்றார்.

"ஐயா, அது அவ பின்னல் இல்ல. என் பின்னல்" என்றார் அத்தை.

"அம்மா, நீங்க குறுக்க பேசக்கூடாது" என்றார் டாக்டர்.

"காலையில இருந்து அவ அதத்தான சொல்லிட்டிருக்கா? காதுல விழலியா உங்களுக்கு?"

தலைவர் அம்மா மேசையைத் தட்டினார். அதற்குள் அத்தை எழுந்துவிட்டார். என் பின்னலைப் பிடித்து, ரப்பர் பேண்டை இழுத்து, மளமளவென்று பிரித்துவிட்டார். மயிர் முகமெல்லாம் விழுந்தது. தன் பையிலிருந்து சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "இப்ப அவளைப் பின்னச் சொல்லுங்க. பின்னிட்டான்னா நாங்க எழுந்து போயிடறோம்."

அப்படியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு அந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இதோ இப்போதுதான் விசாரணை தொடங்குகிறது என்பதுபோல. அப்போது வந்தது பார் எனக்கு ஒரு கோபம்! நான் பேசியதெல்லாம் அந்த ஆளுக்கு எதுவுமே இல்லையா?

சீப்பை எடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி எடுத்தேன். காதுவரைக்கும்தான் போனது. விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. சீப்பை விட்டுவிட்டு வெறுங்கையால் மயிரை மூன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். விரல் பிரியவில்லை, மயிர் எங்கே பிரியும்? கண்ணில் நீர் ஒழுகியது. துடைக்கவில்லை.

"போதும்மா" என்றார் தலைவர்.

"நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன் எப்ப போதும்னு" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது வாலு, நம்புவாயா? விடாமல் முயன்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் ஃபைலுக்குள் பார்வையைத் திருப்பினார். "ஐயா, இங்க பாருங்க. பார்க்கணும்னுதான கேட்டீங்க?" என்றேன். பார்த்தார். எனக்குக் கை ஓயும்வரை மூன்று பேரும் பார்த்தார்கள். அப்புறம்தான் போதும் என்றேன்.

வெளியே வந்ததும் அத்தை அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. "எனக்கு வேற வழி தெரியலடி. உன்னை அப்படி அலங்கோலமாக்கணும்னு நெனைக்கல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வார்த்தையை நம்பமுடியாமல் ஒருத்தியின் தலைமயிரை அவிழ்த்துப் பார்த்தவர்கள்மேல்தான் கோபம். அது இன்னும் இருக்கிறது. உத்தரவில், 'குழுவின் முன் மனுதாரர் செய்துகாட்டியதன் அடிப்படையில்' என்று எழுதியிருக்கிறார்கள். சொன்னதன் அடிப்படையில் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்து அத்தை எனக்குப் பின்னிவிட்டார். எங்களுக்கு அடுத்ததாக ஒரு தச்சர் காத்திருந்தார். முதுகெலும்பு அடிபட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. அவர் பெண்சாதி அவசர அவசரமாக அவர் தலையை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை என் அவிழ்ந்த தலையைப் பின்னுவதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. "ஏங்க்கா, இப்படிச் சுத்தமா கூட்டிட்டுப் போனா தரமாட்டாங்களா? கலைச்சு விடவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நீயாக இருந்தால் கலைத்துவிடு என்றிருப்பாய். நானும் ஒரு நொடி யோசித்தேன்.

"கலைக்காதம்மா. நல்லா வாரி விடு. யார் வாரினதுன்னு மட்டும் உள்ள போனதும் மொத வார்த்தையா சொல்லு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லு. சத்தமா சொல்லு" என்றேன்.

கதவு திறந்து அவர்களைக் கூப்பிட்டார்கள். நானும் அத்தையும் கிளம்பாமல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

என்றும் உன் அக்கா